வலி மாத்திரையும் கல்லீரல் நொதிகளும்: மிளகு, மஞ்சள், லேகியம் சாப்பிடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை கேட்டு வருபவரிடம், "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று விசாரித்தால் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை என்று வரிசையாகச் சொல்வார். மகள் வாங்கி அனுப்பிய மஞ்சள் கேப்சூலும், மூட்டு வலிக்குத் தினமும் சாப்பிடும் லேகியமும் அந்த வரிசையில் வராது. "அது மருந்தில்லைங்க, இயற்கைதானே" என்பார். கவுண்டருக்குப் பின்னால் நின்ற வருடங்களில் நான் அதிகம் கவலைப்பட்டது இப்படி விட்டுப்போகிற பெயர்களைப் பற்றித்தான். வாய்க்குள் போன பிறகு இது கடை மருந்து, இது வீட்டு மருந்து என்று கல்லீரல் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டும் ஒரே நொதிகளின் (என்சைம்களின்) கைக்குத்தான் போகின்றன.

கீழே இருப்பவை பொதுவான விளக்கங்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் மருந்தைத் தாங்களே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

நொதிக்கும் வலி மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?

விழுங்கிய மாத்திரை குடலில் கரைந்து, குடல் சுவரைத் தாண்டி, கல்லீரல் வழியாகத்தான் உடம்பின் மற்ற பாகங்களுக்குப் போகிறது. குடல் சுவரிலும் கல்லீரலிலும் இருக்கும் நொதிகள் அந்த மருந்தை உருமாற்றி, நீரில் கரையும்படி செய்து, சிறுநீரிலோ பித்தத்திலோ வெளியே அனுப்புகின்றன. இவற்றில் பெரிய குடும்பம் சைட்டோகுரோம் பி450. கார்பன் மோனாக்சைடோடு சேரும்போது 450 நானோமீட்டர் அளவில் ஒளியை உறிஞ்சுவதால் வந்த பெயர். 1962-ல் ஓமுரா, சாட்டோ என்ற இரண்டு ஜப்பானிய விஞ்ஞானிகள் வைத்தது. மனிதரிடம் இந்தக் குடும்பத்துக்கு 57 மரபணுக்கள் உண்டு. சுருக்கமாக "சிப்" என்பார்கள். வலி மாத்திரைகளைப் பொறுத்தவரை சிப்-3ஏ4, சிப்-2டி6, சிப்-2சி9, சிப்-2இ1 ஆகிய நான்கும் முக்கியமானவை.

ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். சில வலி மாத்திரைகள் விழுங்கும்போதே வேலை செய்யத் தயாராக இருக்கின்றன. நொதி அவற்றை அடக்கி வெளியேற்றுகிறது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அபின் வகை வலி மருந்தான ஆக்ஸிகோடோன் எல்லாம் இந்த வகை. நொதி மந்தமானால் இவை ரத்தத்தில் தேங்கும். நொதி வேகமெடுத்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். வேறு சில மாத்திரைகள் அரிசியாக உள்ளே போகின்றன. நொதிதான் சோறாக்கிக் கொடுக்க வேண்டும். அதே அபின் வகையைச் சேர்ந்த கோடீன் அப்படிப்பட்டது, டிரமடாலும் பெருமளவு அப்படித்தான். இவற்றுக்குக் கணக்கு தலைகீழ். நொதி மந்தமானால் வலி குறையாது. மிக வேகமாக இருந்தால் மருந்து விஷமாகும் ஆபத்து.

டாக்டர் எழுதிய மாத்திரையிலேயே "செரட்டியோபெப்டிடேஸ்" என்று ஒரு நொதி இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு. பல் பிடுங்கினாலும் கால் சுளுக்கினாலும் நம் ஊரில் அசெக்ளோஃபெனாக், பாரசிட்டமால், செரட்டியோபெப்டிடேஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை எழுதுவது வழக்கமாகிவிட்டது. செரட்டியோபெப்டிடேஸ் என்பது பட்டுப்புழுவின் குடலில் வாழும் பாக்டீரியாவிலிருந்து முதலில் எடுக்கப்பட்ட, புரதத்தைச் சிதைக்கும் நொதி. வீக்கம் வடியும் என்ற எண்ணத்தில் சேர்க்கிறார்கள். கூட இருக்கும் வலி மாத்திரையைக் கல்லீரல் கையாள்வதில் இதற்குப் பங்கு கிடையாது. பலனுக்கான சான்றும் மெலிந்ததே. ஜப்பானில் இதை விற்றுவந்த டகேடா நிறுவனம், மருந்தில்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் வித்தியாசம் தெரியாததால் 2011-ல் தானாகவே சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது.

அன்னாசியிலிருந்து எடுக்கும் புரோமெலைனும் இதே மாதிரி ஒரு நொதிதான். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் புரோமெலைன் மாத்திரை பற்றி டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், ரத்தக்கசிவு கூடலாம்.

ஒரே மாத்திரை அண்ணனுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை. ஏன்?

பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் அந்த மாத்திரை கோடீனோ டிரமடாலோ என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சிப்-2டி6 நொதியை.

இந்த வேறுபாடு வெளிச்சத்துக்கு வந்த விதமே ஒரு கதை. 1975-ல் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவக் கல்லூரியில் ராபர்ட் ஸ்மித் என்ற ஆய்வாளர், டெப்ரிசோகுயின் என்ற பிரஷர் மருந்தை ஆராய்வதற்காகத் தன் குழுவினரோடு தானும் சாப்பிட்டார். மற்றவர்கள் சாதாரணமாக இருந்தார்கள். அவருக்கு மட்டும் ரத்த அழுத்தம் சரிந்து நிற்கவே முடியாமல் போனது. அவர் உடம்பில் அந்த மருந்தைச் செரிக்கும் நொதி வேலை செய்யவில்லை, அது பிறவியிலேயே வந்தது என்று பிறகு தெரிந்தது. அந்த நொதிதான் இன்று சிப்-2டி6 என்று அழைக்கப்படுகிறது. நம் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் தென்னிந்தியர்களிடம், தமிழர்கள் உட்பட, இத்தகைய நொதி மரபணு வேறுபாடுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

சாப்பிட்ட கோடீனில் சுமார் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் மார்பின் என்ற பலமான வலி மருந்தாக மாறுகிறது. வலியைக் குறைப்பது அந்தச் சிறு பங்குதான். நொதி இல்லாதவருக்கு அது நடப்பதில்லை, மலச்சிக்கலும் குமட்டலும் மட்டும் மிஞ்சும். நொதி அளவுக்கு மீறி வேகமாக உள்ளவருக்கு வழக்கமான அளவிலேயே மார்பின் கூடி மூச்சு மந்தமாகிவிடும். டான்சில் அறுவைக்குப் பிறகு கோடீன் கொடுக்கப்பட்ட குழந்தைகள் இப்படி இறந்ததால் 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையான எச்சரிக்கை விடுத்தது. 2017-ல் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடீனும் டிரமடாலும் கொடுக்கவே கூடாது என்றது. வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கி வைத்த கோடீன் இருமல் டானிக்கைக் குழந்தைக்கு ஒரு மூடி கொடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

பிறவியில் நல்ல நொதி இருந்தும் அதை மருந்து முடக்கலாம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளுவாக்ஸெடின், பராக்ஸெடின் இரண்டும் சிப்-2டி6 நொதியைப் பலமாக அடக்கும். அதைச் சாப்பிடுபவருக்கு டிரமடால் கொடுத்தால் வலி போதுமான அளவு குறையாது. கூடவே மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் ஏறி நடுக்கம், வியர்வை, பதற்றம், சில சமயம் வலிப்பு கூட வரலாம். இந்தியாவில் டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டில் இருந்ததை வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாத மருந்து அது.

பாரசிட்டமால் சாதுவான மாத்திரைதானே?

சரியான அளவில், சரியான ஆளுக்கு, ஆமாம். வயிற்றைப் புண்ணாக்காது, சிறுநீரகத்தையும் டைக்ளோஃபெனாக் அளவுக்குத் தொல்லை செய்யாது. இவ்வளவு நல்ல மருந்து எங்கே கெட்டதாக மாறுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது ஒவ்வொரு வீட்டுக்கும் அவசியம். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

பாரசிட்டமாலின் பெரும்பகுதியை, ஏறக்குறைய 90 சதவீதத்தை, கல்லீரல் குளுக்குரோனைடு அல்லது சல்ஃபேட் என்ற சிறு மூலக்கூறோடு கட்டிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம் சிப்-2இ1 நொதியின் வழியாகப் போய் "நாப்கி" என்ற நச்சுப் பொருளாகிறது. அது உருவான கணமே குளுட்டாத்தயோன் என்ற காவலன் பிடித்து அடக்கிவிடும். தினமும் இப்படி நடந்துகொண்டேதான் இருக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. நாப்கி அதிகமானாலோ குளுட்டாத்தயோன் குறைந்தாலோ நச்சு கல்லீரல் செல்களிலேயே ஒட்டிக்கொண்டு அவற்றைக் கொல்லும்.

ஆரோக்கியமான பெரியவருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் என்பது உச்ச வரம்பு. 650 மில்லிகிராம் மாத்திரையில் ஆறு போட்டாலே 3.9 கிராம். ஆறு மாத்திரை யார் போடுவார்கள் என்று தோன்றும். காலையில் காய்ச்சலுக்கு 650, மதியம் ஜலதோஷ மாத்திரை, இரவு முதுகு வலிக்கு அசெக்ளோஃபெனாக் சேர்ந்த மாத்திரை என்று மூன்று பெயரில் வாங்கிச் சாப்பிடுபவருக்கு மூன்றிலும் பாரசிட்டமால் போகிறது என்பது தெரியாது. டிரமடால் மாத்திரைகள் பலவற்றிலும் 325 மில்லிகிராம் பாரசிட்டமால் இருக்கும். இந்தியாவில் டோலோ, குரோசின், கால்பால்; இலங்கையிலும் வளைகுடா நாடுகளிலும் பனடால். பெயர் எதுவானாலும் அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் "பாரசிட்டமால்" என்ற சொல்லைத் தேடுங்கள். அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்கள் "அசிட்டமினோஃபென்" என்ற பெயரைத் தேட வேண்டும். இரண்டும் ஒன்றே.

எடை 50 கிலோவுக்குக் குறைந்த மெலிந்த முதியவர்களுக்கு 4 கிராம் கணக்கு பொருந்தாது. டாக்டர் எடையைப் பார்த்துக் குறைத்துக் கொடுப்பார்.

குடித்த மறுநாள் தலைவலிக்குப் பாரசிட்டமால் போடலாமா?

எப்போதோ ஒருநாள் கொஞ்சம் குடிப்பவர் ஒரு மாத்திரை போட்டால் பொதுவாக ஒன்றும் ஆகாது. தினமும் குடிப்பவரின் கதை வேறு. தொடர்ந்த குடி சிப்-2இ1 நொதியை உடம்பில் பெருக்கிவிடும். சாராயம் ரத்தத்தில் இருக்கும்வரை அந்த நொதி அதைச் செரிப்பதிலேயே முனைந்திருக்கும். சாராயம் தீர்ந்த பிறகு, அதாவது மறுநாள் காலையில், பெருகிய நொதி முழுக்கப் பாரசிட்டமால் பக்கம் திரும்பும், நாப்கி கூடுதலாக உருவாகும். சரியாகச் சாப்பிடாமல் குடிப்பவரின் கல்லீரலில் குளுட்டாத்தயோன் ஏற்கெனவே வற்றியிருக்கும். குடியை நிறுத்திய முதல் சில நாட்கள்தான் அதிக ஆபத்து என்பதைப் பல குடும்பங்கள் அறிவதில்லை. "இப்பதான் நிறுத்திட்டாரே" என்று தாராளமாக மாத்திரை கொடுக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பதே பல டாக்டர்களின் அறிவுரை.

நாள்கணக்கில் உபவாசம் இருப்பவருக்கும், காய்ச்சலில் சோறு இறங்காமல் கிடக்கும் முதியவருக்கும் இதே குளுட்டாத்தயோன் குறைவு உண்டு. கஞ்சியாவது கொடுத்த பிறகு மாத்திரை கொடுங்கள், எண்ணிக்கையையும் குறித்து வையுங்கள்.

தெரியாமல் அதிகமாகப் போட்டுவிட்டால் கீழாநெல்லி கொடுத்தால் போதுமா?

போதாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஆள் நன்றாக இருந்தாலும் போக வேண்டும். பாரசிட்டமால் நச்சில் முதல் நாள் வெறும் குமட்டல் மட்டும் இருக்கும், அதுவும் இல்லாமல் போகலாம். கண் மஞ்சளாகத் தெரியும்போது கல்லீரல் வெகுவாகக் கெட்டிருக்கும். மாற்று மருந்து இருக்கிறது: என்-அசிட்டைல்சிஸ்டீன். குளுட்டாத்தயோனை மறுபடி நிரப்பிக் கொடுக்கும் மருந்து. 1970-களில் எடின்பரோவில் பிரெஸ்காட் குழுவினர் இதை நரம்பு வழியாகக் கொடுத்து உயிர்களைக் காப்பாற்றிக் காட்டினார்கள். எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் ஏறக்குறைய எல்லோரையும் காப்பாற்றிவிடலாம். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்த பாட்டிகளை நான் மதிக்கிறேன். ஆனால் இங்கே கீழாநெல்லி தேடிப் போகும் நேரம் அந்த எட்டு மணி நேரத்திலிருந்து கழிகிறது. மனம் உடைந்து வேண்டுமென்றே போட்டவராக இருந்தாலும் தயங்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். விசாரணையும் கோபமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மஞ்சள் கேப்சூலில் மிளகுச் சாறு சேர்த்திருக்கிறார்களே, எதற்கு?

மஞ்சளில் உள்ள குர்குமின் தனியாகப் போனால் குடல் சுவரும் கல்லீரலும் அதைப் பிடித்துக் கட்டி வெளியேற்றிவிடும், ரத்தத்துக்குள் மிகக் கொஞ்சமே சேரும். 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் (மிளகின் காரத்துக்குக் காரணமான பொருள்) சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் குர்குமின் கிடைக்கும் அளவு 2,000 சதவீதம் கூடியது. உலகெங்கும் மஞ்சள் கேப்சூல்களில் மிளகு ஏறிய காரணம் இதுதான்.

பைப்பரின் இதை எப்படிச் செய்கிறது? குர்குமினைக் கட்டி அனுப்பும் நொதிகளை அடக்குகிறது. சிப்-3ஏ4 நொதியையும், உள்ளே வந்த மருந்தைக் குடலுக்கே திருப்பித் தள்ளும் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற பம்பையும் சேர்த்தே அடக்குகிறது. அடக்கிய நொதி குர்குமினுக்கு மட்டும் வழிவிடுவதில்லை, அப்போது வரும் மாத்திரைக்கும் வழிவிடும். நாளுக்கு 20 மில்லிகிராம் பைப்பரின் பத்து நாள் சாப்பிட்டவர்களிடம் டைக்ளோஃபெனாக்கின் ரத்த அளவு கூடியதை ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு இது சின்ன விஷயமில்லை.

சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகத்தை மற்ற மருந்துகளோடு கொடுப்பது நம் வைத்தியர்களின் பழைய வழக்கம். அந்த அறிவை நவீன மருந்தியல் எடுத்தும் பயன்படுத்தியிருக்கிறது: ஜம்முவில் உள்ள அரசு ஆய்வகத்தில் உருவாகி 2009-ல் வந்த காசநோய் மாத்திரை ஒன்றில் 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்ததால் ரிஃபாம்பிசின் 450 மில்லிகிராமுக்குப் பதில் 200 போதுமானது. மிளகு மருந்தின் அளவை மாற்றும் வல்லமை கொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். அளவை மாற்றுவது டாக்டருக்குத் தெரிந்து நடந்தால் நன்மை, தெரியாமல் நடந்தால் ஆபத்து.

மஞ்சளுக்கே தனியாக ஒரு எச்சரிக்கையும் உண்டு. செறிவூட்டிய மஞ்சள் கேப்சூல் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது, மிளகு சேர்ந்தவற்றில் குறிப்பாக. இத்தாலி 2022-ல் இத்தகைய கேப்சூல்களில் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. சமையலில் போடும் மஞ்சள்தூளுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

அப்படியானால் மிளகு ரசமும் ஆபத்தா?

நேர்மையான பதில் கொஞ்சம் சிக்கலானது. மிளகில் சுமார் 5 சதவீதம் பைப்பரின் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராம் மிளகிலேயே கேப்சூலில் இருப்பதைவிட அதிகம் இருக்கும். 200 மில்லி சூப்பில் ஒரு கிராம் மிளகு கலந்து ஆறு பேருக்குக் கொடுத்து, பிறகு வலிப்பு மருந்தான ஃபெனிடாயின் கொடுத்துப் பார்த்த இந்திய ஆய்வு ஒன்று 2001-ல் வெளியானது. மிளகு சூப் குடித்தபோது மருந்து ரத்தத்தில் கூடுதலாகச் சேர்ந்தது. அந்தச் சூப் கிட்டத்தட்ட நம் வீட்டு மிளகு ரசம்தான்.

ஆனாலும் ரசத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். பல வருடமாகத் தினமும் ரசம் சாப்பிடுபவருக்கு டாக்டர் மருந்தின் அளவைச் சரிபார்க்கும்போது அந்த ரசமும் கணக்கில் சேர்ந்தே இருக்கிறது. சிக்கல் திடீர் மாற்றத்தில் வரும். ஜலதோஷம் பிடித்தது என்று ஒரு வாரம் மூன்று வேளையும் மிளகுக் கஷாயம் குடிப்பது, இதுவரை இல்லாத மஞ்சள்-மிளகு கேப்சூலைப் புதிதாகத் தொடங்குவது போன்றவை அந்தக் கணக்கைக் கலைக்கும். வலிப்பு மருந்தோ, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினோ, அபின் வகை வலி மருந்தோ சாப்பிடுபவர்கள் இப்படி ஒரு மாற்றத்துக்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எப்போதோ ஒருமுறை டைக்ளோஃபெனாக் போடுபவருக்கு ஒருநாள் ரசத்தால் ஒன்றும் வந்துவிடாது.

பம்பளிமாஸ் சாப்பிடக் கூடாது என்று அட்டையில் போட்டிருக்கிறதா?

அட்டைகளில் சொல்வது கிரேப்ஃப்ரூட் பழத்தை. நம் பம்பளிமாஸ் அதன் நெருங்கிய உறவு, அதே ஃபுரானோகூமரின் வகைப் பொருட்கள் இதிலும் உண்டு. கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர், சாராயம் பிரஷர் மருந்தோடு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க, சாராயத்தின் ருசியை மறைக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார்கள். மருந்தின் அளவு எதிர்பாராமல் எகிறியது, காரணம் சாறு என்று தெரியவந்தது. 1989-ல் வெளியான செய்தி அது. குடல் சுவரில் உள்ள சிப்-3ஏ4 நொதியை இந்தப் பழம் நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்கிறது. உடம்பு புதிய நொதி செய்து முடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும். வாய்வழி ஆக்ஸிகோடோன் சாப்பிடுபவர்களுக்கு இது முக்கியம். ஊசி மருந்துக்கும் தோலில் ஒட்டும் ஃபென்டனில் என்ற வலி மருந்துப் பட்டைக்கும் குடல் சுவரைத் தாண்டும் வேலை இல்லாததால் பாதிப்பு சொற்பம். சாத்துக்குடியும் சாதாரண ஆரஞ்சும் பயமில்லாமல் சாப்பிடலாம்.

வெளிநாட்டில் இருக்கிறோம். மனச்சோர்வுக்கு மூலிகை மாத்திரை விற்கிறார்களே?

அது அநேகமாக செயின்ட் ஜான்ஸ் வோர்ட். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் "யோஹானிஸ்கிராவுட்" என்ற பெயரில் மருந்தகங்களில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும். நான் மிகவும் அஞ்சுகிற மூலிகை இதுவே. மிளகு நொதியை அடக்கினால் இது எதிர்த்திசையில் வேலை செய்கிறது: கல்லீரலைத் தூண்டி சிப்-3ஏ4 நொதியைக் கூடுதலாக உற்பத்தி செய்ய வைக்கிறது. ஃபின்லாந்தில் 2010-ல் நடந்த ஆய்வில் இதைச் சாப்பிட்டவர்களுக்கு ஆக்ஸிகோடோனின் ரத்த அளவு பாதியாகக் குறைந்தது. புற்றுநோய் வலியில் இருக்கும் ஒருவருக்கு மருந்து பாதி காணாமல் போவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். டாக்டர் மருந்தைக் கூட்டுவார். பிறகு நோயாளி மூலிகையை நிறுத்தினால் இரண்டு வாரத்தில் நொதி பழைய நிலைக்கு இறங்கும், கூட்டிய மருந்து அப்போது அளவுக்கு மீறியதாகிவிடும். டிரமடாலோடு சேர்ந்தால் முன்பு சொன்ன செரட்டோனின் ஆபத்தும் உண்டு.

காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான கார்பமஸிபினும் இதே தூண்டல் வேலையைச் செய்யும் மருந்துகள்.

இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். பூண்டு மாத்திரை, ஐபுப்ரோஃபென் சேர்க்கலாமா?

இங்கே பேச்சு கல்லீரல் நொதியைப் பற்றியதல்ல. ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் தாக்கும் இலக்கே ஒரு நொதி, காக்ஸ் என்று பெயர். 1971-ல் ஜான் வேன் இதைக் கண்டு சொன்னார், 1982-ல் நோபல் பெற்றார். ஆஸ்பிரின் ரத்தத் தட்டணுவில் உள்ள காக்ஸில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். ஐபுப்ரோஃபென் முதலில் போய் அந்த இடத்தை அடைத்துக்கொண்டால் ஆஸ்பிரின் ஒட்ட இடமில்லாமல் சீக்கிரம் வெளியேறிவிடும், இதயத்துக்குக் கிடைக்க வேண்டிய காப்பு போய்விடும். எப்போதாவது ஒருமுறை ஐபுப்ரோஃபென் தேவைப்பட்டால், சாதாரண ஆஸ்பிரின் போட்டு அரை மணி நேரம் கழித்தோ, ஆஸ்பிரினுக்கு எட்டு மணி நேரத்துக்கு முன்போ போட வேண்டும். மேல்பூச்சு உள்ள ஆஸ்பிரினுக்கு இந்த நேரக் கணக்கு பொருந்தாது, டாக்டரைக் கேளுங்கள்.

செறிவூட்டிய பூண்டு, இஞ்சி, ஜிங்கோ கேப்சூல்கள் ரத்தம் உறைவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தலாம். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். அறுவை சிகிச்சை நாள் குறித்துவிட்டால் இவற்றையெல்லாம் எப்போது நிறுத்துவது என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்கள்.

அதிமதுரம்?

தொண்டைக்கு இதமானதுதான், ஆனால் மாதக்கணக்கில் தினமும் வேண்டாம். சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அடக்கி வைக்கும் ஒரு நொதியை அதிமதுரம் தடுக்கிறது. உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவையும் உப்பைத் தங்கவைக்கும். பிரஷர் உள்ளவர்கள் இரண்டையும் சேர்க்கக் கூடாது.

காய்ச்சலுக்கு நிலவேம்புக் குடிநீரும் பாரசிட்டமாலும் சேர்த்துக் கொடுக்கலாமா?

தமிழ்நாட்டில் டெங்கு வரும் ஒவ்வொரு பருவத்திலும் எழும் கேள்வி. நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்போடு சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு உட்பட ஒன்பது சரக்குகள் சேர்கின்றன. ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிலும் நிலவேம்பு சில மருந்து நொதிகளைத் தொடுவது தெரிந்திருக்கிறது. சரியான அளவு பாரசிட்டமாலோடு சில நாள் குடித்துவருபவர்களைத் தடுக்க வேண்டிய காரணம் இதில் எனக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டு குடிக்கட்டும்.

என் கவலை வேறு இடத்தில். காய்ச்சல் டெங்குவா என்று தெரியும்வரை ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின், மெஃபனமிக் ஆசிட் எதுவும் கூடாது. தட்டணு குறையும் நோயில் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். உடம்பு வலி தாங்கவில்லை என்று டைக்ளோஃபெனாக் ஊசி கேட்டு வாங்கிக்கொள்ளாதீர்கள்.

அப்பாவுக்குப் புற்றுநோய், மார்பின் மாத்திரை கொடுக்கிறார்கள். அதற்கும் இவ்வளவு பத்தியமா?

ஆறுதலான பதில்: பெரும்பாலும் இல்லை. மார்பினைக் கல்லீரல் சிப் குடும்பத்தின் வழியாகக் கையாள்வதில்லை. குளுக்குரோனைடு கட்டியே அனுப்புகிறது. ஆகவே பம்பளிமாஸாலும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டாலும் அது பெரிதாகக் கலங்குவதில்லை. பார்க்க வேண்டியது சிறுநீரகத்தை. மார்பினிலிருந்து உருவாகும் ஒரு பொருளுக்கும் வலி குறைக்கும் சக்தி உண்டு, அது சிறுநீரில்தான் போக வேண்டும். அப்பாவுக்குச் சிறுநீர் குறைந்தாலோ, எழுப்ப முடியாத தூக்கம் வந்தாலோ அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். தூக்கத்துக்கென்று அமுக்கரா சூரணமோ வேறு தூக்க மூலிகையோ நீங்களாகச் சேர்க்காதீர்கள், மயக்கம் ஒன்றோடொன்று கூடும்.

மூலிகைக்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் சரியாகிவிடுமா?

குடலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பொருட்களுக்கு இடைவெளி உதவும். இசப்கோல் போன்ற நார்ப்பொடி, கரித்தூள் மாத்திரை எல்லாம் அந்த வகை. நொதியை அடக்குவதோ தூண்டுவதோ மணிக்கணக்கில் தீர்வதில்லை. கிரேப்ஃப்ரூட்டுக்கு இரண்டு மூன்று நாள், செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டுக்கு இரண்டு வாரம் என்று பார்த்தோம்.

மூட்டு வலிக்கு வாங்கிய ஒரு லேகியம் இரண்டே நாளில் அதிசயமாகக் கேட்டது. தொடரலாமா?

இரண்டே நாளில் அதிசயமாகக் கேட்டது என்றால் எனக்குப் பயம் வருகிறது. மூலிகை என்று விற்கும் மூட்டு வலி மருந்துகளில் டைக்ளோஃபெனாக்கும், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் மறைத்துக் கலப்பது உலகெங்கும் பிடிபட்டிருக்கிறது. 2022-ல் அமெரிக்காவில் "ஆர்ட்ரி கிங்" என்ற பெயரில் விற்ற மாத்திரைகளில் இந்த இரண்டும் இருந்ததாக அரசே எச்சரித்தது. இப்படி ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டே டாக்டர் எழுதிய வலி மாத்திரையையும் போடுபவர் இரண்டு மடங்கு மருந்து சாப்பிடுகிறார். முகம் உப்புவது, சுகர் ஏறுவது, மலம் கறுப்பாகப் போவது போன்ற அடையாளங்களைக் கவனியுங்கள்.

லேபிளில் தயாரிப்பாளர் முகவரியும் உரிம எண்ணும் இல்லாததை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாரக்கணக்கில் சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால் பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். உள்ளே ஸ்டீராய்டு இருந்திருந்தால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்தியிருக்கும், திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழ நேரலாம். ஓரிரு நாளுக்குள் டப்பாவையும் மீதி லேகியத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போய் டாக்டர் மேஜையில் வையுங்கள். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்வார். மலம் கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ அதுவரை காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.